நம்பியாறு, பச்சையாறு, பொருநை: மலைத் தண்ணீரில் இறங்கும் முன்

புதன் இரவு, பாளையங்கோட்டை

அக்கா மகன் சண்டிகரில் படிக்கிறான். விடுமுறைக்கு வருமுன் நண்பர்களோடு இமாசலப் பிரதேசத்தில் மணிகரண் போயிருக்கிறான். பார்வதி ஆற்றங்கரையில் கொதிக்கக் கொதிக்க ஊற்று. குருத்துவாராவில் வருகிறவர்களுக்குப் போடும் சோறும் பருப்பும் அந்தத் தண்ணீரின் சூட்டிலேயே வேகும். அதைப் பார்த்த நாளிலிருந்து ஒரே பேச்சுதான்.

"மாமா, நம்ம பொதிகையிலயும் இப்படி ஒண்ணு இருக்கும். யாருக்கும் தெரியாம காட்டுக்குள்ள கெடக்கும். வாங்க, தேடிப் பாப்போம்."

பொதிகையில் வெந்நீர் ஊற்று கிடையாது என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன். மழைத் தண்ணீர் பாறை விரிசல் வழியாக வெகு ஆழத்துக்கு இறங்க வேண்டும். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சூடு சுமார் 25 முதல் 30 டிகிரி வரை ஏறும். அப்படிச் சூடேறிய தண்ணீர், வழியில் ஆறுவதற்குள் ஒரு பெரிய பிளவைப் பிடித்து மேலே வந்துவிட வேண்டும். இமயம் இன்னும் நெருக்குண்டு உயர்ந்துகொண்டிருக்கிற இளம் மலை. அங்கே அதற்கு வழியிருக்கிறது. திருகோணமலை பக்கம் கன்னியாவில் ஏழு கிணறுகளில் வெந்நீர் ஊறுகிறது. நம் மலை மிகப் பழைய கருங்கல். இங்கே ஊறுகிற தண்ணீர் அவ்வளவு ஆழம் போய்த் திரும்பியதல்ல. சோலைக்காட்டு மண்ணிலும் வேரிலும் மழை தங்கி, மாதக்கணக்கில் கசிந்து வருவது. குளிர்ச்சியும் அதனால், வற்றாமையும் அதனால். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொள்கிற மலை என்பதால் கோடையிலும் பொருநையில், அதாவது தாமிரபரணியில், தண்ணீர் ஓடுகிறது.

ஊற்று இல்லை என்றதும் அவன் முகம் வாடிவிட்டது. எனக்கு வருத்தம் அவன் சொன்ன வேறொரு சொல்லில் இருந்தது. 'யாருக்கும் தெரியாம' என்றானே, அது. யாருக்கும் தெரியாத தண்ணீரைத் தேடிப் போய், படம் எடுத்துப் போட்டு, அடுத்த மாதமே எல்லாருக்கும் தெரிந்த தண்ணீராக்கிவிடுகிற பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அதனால் ஒரு நிபந்தனையோடு கூட்டிப்போக ஒத்துக்கொண்டேன். வனத்துறை அனுமதிக்கிற இடங்களுக்கு மட்டும் போவோம். அங்கே எப்படிக் குளிக்க வேண்டும் என்று பழகிக்கொள்வோம்.

பையில் எடுத்துக்கொண்டவை: ஆளுக்கு ஒரு பருத்தித் துண்டு, மாற்றுத் துணி, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரை வாழையிலையில், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு துணிப்பை. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் மூன்றும் வீட்டிலேயே இருக்கின்றன. கொசுக்கடிக்குப் பூசும் களிம்பையும் எடுத்து வெளியே வைத்துவிட்டேன். பூச்சியை விரட்டச் செய்த மருந்து, பூச்சிகளும் அவற்றின் புழுக்களும் வாழ்கிற தண்ணீரில் கரையக் கூடாது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் போதும்.

வியாழன், களக்காடு

காலையில் நாங்குநேரி வழியாகக் களக்காடு. ஊர் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம், அதற்கு மேலே நீலச் சுவராக மலை. ஏத்தன் தார்கள் சந்தைக்கு ஏறிக்கொண்டிருந்தன. மாசி மாதம், வெயில் இன்னும் முற்றவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையின் தண்ணீர் மலையில் மிச்சமிருக்கிறது, வெள்ள பயமும் குறைவு. மலைக் குளியலுக்கு எனக்குப் பிடித்த காலம் இது.

தலையணை என்ற இடம் களக்காட்டிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர். பச்சையாற்றின் குறுக்கே ஒரு சின்னத் தடுப்பணை, அதன் கீழே குளிக்கிற இடம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் இருக்கிறது. 1988இல் அறிவிக்கப்பட்ட காப்பகம் இது, தமிழ்நாட்டில் முதலாவது. சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு, பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். கழிப்பறைக்குப் போவதையும் அங்கேயே முடித்துவிடச் சொன்னேன். மேலே போனபிறகு ஆற்றோரப் புதரைத் தேடுவது நமக்கும் ஆபத்து, தண்ணீருக்கும் கேடு.

தண்ணீருக்குள் கால் வைத்ததும் மருமகன் துள்ளினான். குளிருக்கு ஒரு துள்ளல், மீன் கடிக்கு ஒரு துள்ளல். பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி மேய்கிற சின்ன மீன்கள் கால் விரலைச் சுற்றி மொய்த்துவிட்டன. இந்த மீன் கூட்டத்தில் ஒரு வகைக்கு அறிவியல் பெயரே 'காரா களக்காடென்சிஸ்'. இந்த மலை ஓடைகளில் கண்டெடுக்கப்பட்டு, ஊர்ப் பெயரையே வாங்கிக்கொண்ட மீன்.

"மாமா, ஒரு துளி சோப்புக்கு இதுக்கெல்லாம் என்ன ஆயிரும்? ஓடுத தண்ணிதான?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. ஓடுகிற தண்ணீர் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்றுதான் நாமெல்லாம் நம்புகிறோம். மீனின் உடம்பிலும் செவுளிலும் ஒரு வழவழப்பான பூச்சு இருக்கிறது. கிருமியையும் நச்சையும் உள்ளே விடாமல் காப்பது அதுதான். சோப்பின் வேலையே வழவழப்பைக் கரைப்பது. நம் தோலிலிருந்து எண்ணெயை எடுக்கிற மாதிரியே மீனின் பூச்சையும் எடுத்துவிடும். தண்ணீர்மேல் கால் நனையாமல் ஓடுகிற பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரின் மேற்பரப்பில் இருக்கிற இழுவிசைதான் அவற்றைத் தாங்குகிறது. சோப்பு கலந்தால் அந்த விசை தளர்ந்து, பூச்சி முங்கிவிடும். 'மூலிகை சோப்பு' என்று அட்டையில் எழுதியிருந்தாலும் நுரை வருகிறதென்றால் இதே கதைதான். அடித்துக்கொண்டு போகும் என்கிறோமே, அது எங்கே போகும்? பச்சையாறு இங்கிருந்து இறங்கி, தருவை பக்கம் தாமிரபரணியில் சேர்கிறது. திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிதண்ணீர் அந்த ஆறுதான்.

இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார், ஏர்வாடிக்காரர், இரண்டு பிள்ளைகளோடு வந்தவர். "அண்ணாச்சி, கை நெறைய அழுக்கு இருந்தா என்ன செய்ய?" என்றார். ஒரு வாளியில் தண்ணீர் மொண்டு, ஆற்றிலிருந்து எழுபது எண்பது தப்படி தள்ளிப் போய், மண்ணில் ஊற்றிக் கழுவலாம், மண் வடிகட்டிவிடும் என்றேன். புலிகள் காப்பகத்துக்குள் அந்த எண்பது தப்படி போகவும் முடியாது. ஆகவே இங்கே வெறும் தண்ணீர்க் குளியல்தான். அதில் குறையே தெரியாது. அரை மணி நேரம் தலையைக் கொடுத்து நின்றால் உடம்பில் என்ன அழுக்கு மிஞ்சும்?

மதியத்துக்கு மேல் மருமகன் செங்கல்தேரி போக வேண்டும் என்றான். தலையணைக்கு மேலே அடர்ந்த காடு, சிங்கவால் குரங்கும் கருமந்தியும் உள்ள இடம். அனுமதி இல்லாமல் யாரும் போக முடியாது. சாவடியில் இருந்த வனக்காப்பாளர் தன்மையாகத்தான் சொன்னார்: "தம்பி, மேல போகணும்னா ஆபீசுல எழுதிக் கேளுங்க. குடுத்தாத்தான் போகலாம். நானே இஷ்டத்துக்குப் போக முடியாது பாத்துக்கிடுங்க."

அவன் முறைத்துக்கொண்டே பஸ் ஏறினான். பரவாயில்லை, வயது அப்படி. சிங்கவால் குரங்கு பெரும்பாலும் மரத்தை விட்டு இறங்காது. வெடிப்பலா போன்ற காட்டு மரங்களின் காயை நம்பி வாழ்கிறது. அதன் காட்டில் நம் சத்தம் குறைவாக இருப்பதே அதற்குச் செய்யக்கூடிய மரியாதை. இதை ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். பதில் வரவில்லை. தோசை மட்டும் இன்னொன்று கேட்டான்.

வெள்ளி, திருக்குறுங்குடி

சனிக்கிழமையில் மலைமேல் இருக்கும் பெருமாள் கோயிலான மலை நம்பி கோயிலுக்குக் கூட்டம் அள்ளும், அதிலும் புரட்டாசிச் சனி என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். நான் யாரிடமும் முதலில் சொல்வது இதுதான்: கூட்டமில்லாத நாளில் போங்கள். ஒரே நாளில் ஆயிரம் பேர் இறங்குகிற ஓடையும், இருபது பேர் இறங்குகிற ஓடையும் ஒன்றல்ல. ஆயிரம் பேரும் ஒழுங்காக நடந்துகொண்டாலும் மிதிபட்டுக் கலங்குகிற மண்ணே மீன் முட்டையை மூடிவிடும்.

ஊருக்குள் பெரிய கோயிலில் நின்ற நம்பியைச் சேவித்துவிட்டு, கோபுரத்துச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்து நின்றோம். நம்மாழ்வார் பாடிய தலம். திருமங்கையாழ்வார் பரமபதம் அடைந்ததும் இங்கேதான். கார்த்திகை மாத ஏகாதசி இரவில் கைசிக நாடகம் நடக்கிற மண்டபத்தை மருமகனுக்குக் காட்டினேன். பாணர் குலத்து நம்பாடுவான் பாடப்போகிற வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்ள, 'பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன்' என்று வாக்குக் கொடுத்துப் போய், சொன்னபடியே திரும்பி வந்த கதை அது. "திரும்பி வந்தானா!" என்று ஆச்சரியப்பட்டான். வந்தான் மருமவனே, அதனால்தான் இன்றைக்கும் அவன் கதையை இரவு முழுக்க நடிக்கிறார்கள்.

ஊரிலிருந்து மலைக்கு ஜீப். எங்களோடு வள்ளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம்: ஆச்சி, அவள் மகள், பேரப்பிள்ளைகள். அடிவாரச் சாவடியில் எல்லாரையும் இறக்கி, பைகளைத் திறக்கச் சொன்னார்கள். பிளாஸ்டிக் தாள், ஷாம்பு பாக்கெட் எல்லாம் மேசைமேல் சேர்ந்தன. ஆச்சியின் மஞ்சள் பையிலிருந்து ஒரு நல்லெண்ணெய்ப் பாட்டில் வந்தது.

"எண்ணெ தேச்சிக் குளிக்கத்தானய்யா வாரேன். சின்னப்புள்ளையிலருந்து இப்படித்தான குளிக்கேன்" என்றாள் ஆச்சி.

"ஆச்சி, நீங்க மட்டும் தேச்சா ஒண்ணுமில்ல. ஒங்களப் பாத்து அம்புட்டு பேரும் தேப்பாவ. பாட்டில இங்கன வச்சிட்டுப் போங்க, எறங்கும்போது வாங்கிக்கிடலாம்" என்றார் காப்பாளர்.

ஆச்சி கொஞ்ச நேரம் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு மூடியை இறுக்கித் திருகி, சிந்தாமல் மேசையில் வைத்தாள். எனக்கு அவள்மேல் பெரிய மதிப்பு வந்துவிட்டது. நம் பக்கத்தில் எண்ணெய்க் குளியல் அருவியோடு ஒட்டிப் பிறந்த பழக்கம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுவதையே தொழிலாகச் செய்தவர்கள் உண்டு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எண்ணெய்க்கும் சோப்புக்கும் ஷாம்புக்கும் அங்கே தடை போட்ட பிறகும் பலருக்கு மனம் ஆறவில்லை. ஆனால் பாறையில் படிந்த எண்ணெய் வழுக்கி எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள் என்று அங்கே கடை வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். எண்ணெய் வேண்டுமென்றால் வீட்டில் தேய்த்து, வீட்டிலேயே சீயக்காய் போட்டு எடுத்துவிட்டு, மறுநாள் அருவிக்கு வரலாம்.

பாதை கரடுமுரடு. ஜீப் ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கியது. பேரப்பிள்ளைகள் கத்திக்கொண்டே வந்தார்கள். ஜீப் ஓட்டிய அண்ணாச்சி ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, வாயில் விரல் வைத்தார். மரத்தின் மேல் கருமந்தி ஒன்று வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு இலை தின்றுகொண்டிருந்தது. கறுப்பு உடம்பு, தலையில் மட்டும் பழுப்பு மயிர். பிள்ளைகள் உடனே அடங்கிவிட்டார்கள். ஒருவன் முறுக்கை எடுத்தான். அவன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். ஜீப் மறுபடி கிளம்புகிற வரைக்கும் பிடியை விடவில்லை.

கோயில் சின்னது. மலைமேல் நம்பி நின்ற கோலம். பக்கத்திலேயே நம்பியாறு பாறைகளுக்கிடையே இறங்கிவருகிறது. இது தாமிரபரணியோடு சேராத ஆறு. இங்கே பிறந்து, நாங்குநேரி, ராதாபுரம் சீமைக் குளங்களை நிரப்பிக்கொண்டு போய், நேராக மன்னார் வளைகுடாவில் விழுந்துவிடுகிறது. வறண்ட தேரிக்காட்டுச் சீமைக்கு இந்தச் சின்ன ஆறு எவ்வளவு பெரியது என்பதை அங்கே கிணறு வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

தண்ணீரில் ஒரு மணி நேரம் இருந்தோம். அதைப் பற்றி எழுதச் சொல் போதாது. அடியில் கிடக்கிற கூழாங்கல்லின் நிறம் தெரிகிற தெளிவு. குனிந்து கழுத்து வரை இறங்கினால் முதலில் மூச்சு நிற்கும், பிறகு உடம்பு முழுக்க ஒரு சூடு கிளம்பும். வெந்நீர் ஊற்றுக்கு ஏங்கி வந்தவன் உதடு நீலம் பாரித்து, "மாமா, உள்ள சூடா இருக்கு!" என்று கத்தினான்.

அதற்குள் பேரப்பிள்ளைகள் கல்லை எடுத்து அடுக்கி ஒரு குட்டி அணை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மருமகனும் சேர்ந்துகொண்டான். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். நான் ஒரு கல்லை மெதுவாகப் புரட்டி, அடிப்பக்கத்தைக் காட்டினேன். மணலையும் குச்சியையும் பட்டுநூலால் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு ஒரு புழு. மூன்று வால் கொண்ட இன்னொரு பூச்சி, வெளிச்சம் பட்டதும் ஓடி ஒளிந்தது. ஓரத்தில் முட்டைகள், பளபளவென்று. ஆற்றின் பாதி உயிர் கல்லின் அடியில்தான் இருக்கிறது. மீனும் தவளையும் இவற்றைத் தின்றுதான் வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் ஒரு சின்னத் தவளை உண்டு. தண்ணீர்ச் சத்தத்தில் குரல் எடுபடாது என்பதால் பின்னங்காலை நீட்டி விரித்துக் காட்டித் தன் இடத்தைச் சொல்லும். அதுவும் இந்த மாதிரி ஈரக் கல்லின் மேல்தான் உட்காரும். கல்லை எடுத்த இடத்தில், எடுத்த பக்கமாகவே வைத்தேன். பிள்ளைகள் தாங்கள் அடுக்கிய கற்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். பெரியவன் ஒருவன் மட்டும், "இது எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று தம்பியிடம் சண்டை போட்டான்.

கரையில் உட்கார்ந்து புளியோதரை பிரித்தபோது மருமகன் செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான். இதே மலையில் எங்கோ மேலே, யாரோ நீந்துகிற பச்சைக் குளம். "இங்கேருந்து மேல நடந்தா வருமாம், மாமா."

ஜீப் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "அது போற வழியா? அங்க போனவனுக்குக் கேசு போட்டாவ, அதப் போடலயா அந்த வீடியோல?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேசு கெடக்கட்டும். மேல மழ பேஞ்சா இங்க வெயிலடிச்சிக்கிட்டு இருக்கும். தண்ணி கலங்கும், சருகு மெதந்து வரும், சத்தம் மாறும். அதப் பாத்த ஒடனே கரையேறிரணும். மேல போனவனுக்கு யாரு சொல்லுவா?"

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தச் சீமை மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் என்ன செய்யும் என்று அப்போது கண்ணால் பார்த்தோம். அண்ணாச்சி சொன்னதை மருமகன் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டான். வீடியோவைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

எனக்கும் இந்த மலையில் இரண்டு சுனைகள் தெரியும். தாத்தா காலத்தில் மாடு மேய்க்கப் போனவர்கள் சொல்லி அறிந்தவை. அவை எங்கே என்று இங்கே எழுத மாட்டேன், கேட்டாலும் சொல்ல மாட்டேன். வெயில் ஏறினால் யானையும் மிளா மானும் அந்தத் தண்ணீரைத் தேடித்தான் வர வேண்டும்.

இறங்கும்போது ஆச்சி தன் எண்ணெய்ப் பாட்டிலை மறக்காமல் வாங்கிக்கொண்டாள்.

சனி, பாபநாசம், காரையாறு

இன்று எழுதுவதில் பாதி வருத்தம்.

பாபநாசநாதர் கோயில் நவகயிலாயத்தில் முதலாவது, சூரியன் தலம். எதிரே படித்துறை. மலையை விட்டு ஆறு சமவெளிக்குள் கால் வைக்கிற இடம். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கவும், தோஷம் கழிக்கவும் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். முங்கி எழுந்ததும் கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். வேட்டி, சேலை, சட்டை, பாவாடை. தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக எடுக்கிறார்கள்; மறு வாரம் மறுபடி அவ்வளவு கிடக்கிறது.

பருத்தி வேட்டி என்றால் கொஞ்ச நாளில் மட்கும். இப்போது விடுகிற சேலையில் பெரும்பாலானவை பாலியெஸ்டர். அது மட்காது, கல்லிலும் வேரிலும் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குள் வலையாக விரிந்து கிடக்கும். நீந்துகிறவன் கால் அதில் மாட்டினால் எழ முடியாது. இந்த ஆற்றில் நீர்நாய் இருக்கிறது. தாமிரபரணியின் பெயரையே தன் அறிவியல் பெயரில் சுமக்கிற, செதிலில் கரும்புள்ளி உள்ள ஒரு கெண்டை இனம் இருக்கிறது. உலகத்தில் வேறெந்த ஆற்றிலும் அது கிடையாது. பாவத்தைத் தொலைக்க வந்த இடத்தில் அந்த மீனின் வீட்டை அடைப்பது எந்த முன்னோருக்கும் திருப்தி தராது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

படித்துறையில் கடையநல்லூர் பக்கத்து அம்மா ஒருத்தி, முங்கி எழுந்து, மாற்றுச் சேலை கட்டிக்கொண்டு, நனைந்த சேலையைப் பிழிந்து மடித்தார். பக்கத்தில் நின்றவர்கள், "விட்டுட்டுப் போங்கம்மா, வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது" என்றார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்குத் தர்ப்பணம் குடுத்தாச்சு. அவுக நாத்து நட்டவுக, இந்தத் தண்ணிய நம்பிப் பொழச்சவுக. இதுல துணியப் போட்டா அவுகளுக்குப் பொறுக்குமா? தோச்சி ஒணத்தி யாருக்காவது குடுத்துருவேன்" என்றார். சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஒரு இளைஞன் மட்டும் தண்ணீருக்குள் விட்ட தன் வேட்டியை எட்டிப் பிடித்து எடுத்தான்.

அகத்தியர் அருவிக்கு மேலே ஏறினோம். கூட்டம் நிறைய. நாட்டுக் குரங்குகள் சுவரில் வரிசையாக உட்கார்ந்து பைகளைக் கண்காணித்துக்கொண்டிருந்தன. பிஸ்கட் கொடுத்துக் கொடுத்து நாம் பழக்கியவை. கொடுக்காவிட்டால் பிடுங்குகின்றன, கடிக்கின்றன. அருவி அழகு, நான் சீக்கிரம் குளித்துவிட்டு விலகிக்கொண்டேன்.

மேலே முண்டந்துறை வழியாகச் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போனோம். ஆடி அமாவாசைக்குக் காடே நிறைந்துவிடும் இடம். இன்று ஆற்றுச் சத்தம் மட்டும். பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்புகள் காணிக்கையாகத் தொங்குகின்றன. சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, அவர்கள் தொழிலையே தன் தொழிலாக ஏற்று, மாடுகளைக் காக்கப் போய் உயிர் விட்டவனின் கதையை வில்லுப்பாட்டில் இன்றும் பாடுகிறார்கள். காணிக்கைச் செருப்பை அவன் போட்டு நடக்கிறான் என்பது நம்பிக்கை. தேய்ந்திருக்கிறதா என்று மருமகன் ஒவ்வொரு செருப்பாகக் குனிந்து பார்த்தான். மனம் நிறையக் காணிக்கை செலுத்த ஆறுதான் வேண்டுமென்றில்லை என்பதற்கு இந்தச் சன்னதியே சாட்சி.

ஆற்றில் இறங்கியது கொஞ்ச நேரம்தான். அங்கே இந்த மலையின் பழங்குடியினரான காணிக்காரர் ஒருவரைச் சந்தித்தோம், மயிலாறு பக்கத்துக் குடியிருப்பில் வசிப்பவர். அமாவாசை முடிந்து நாலைந்து நாள் இந்தத் துறையில் குடிக்கத் தண்ணீர் எடுக்க மாட்டார்களாம். "நீங்க ஒரு நாள் வந்துட்டுப் போயிருவிய. நாங்க இங்கனதான் இருக்கோம்" என்றார். குரலில் குறை ஏதும் இல்லை.

பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இந்த எண்களைத் தினமும் செய்தித்தாளில் பார்த்துத்தான் எங்கள் ஊர் விடிகிறது. விவசாயம் செய்கிறவர் வீட்டில் ராசி பலனுக்கு முன்னால் இதைத்தான் படிப்பார்கள். மருமகன் இவற்றை முதல் தடவையாகக் கேட்டு, செல்போனில் குறித்துக்கொண்டான்.

ஞாயிறு, குறுக்குத்துறை

ஊர் திரும்பியாயிற்று. காலையில் குறுக்குத்துறை முருகன் கோயில். வெள்ளம் வந்தால் முழுகிவிடும் கோயில் இது. அப்போது உற்சவரை மேட்டுக் கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மேலே பார்த்த தண்ணீர்தான் இங்கே வந்திருக்கிறது, வழியில் எத்தனையோ அணைக்கட்டுகளைத் தாண்டி. ஊர்ச் சாக்கடை கலக்கிற இடங்களும் வழியில் உண்டு, அதையும் ஒளிக்காமல் அவனுக்குக் காட்டினேன். மேலே சோப்பு வேண்டாம் என்று சொல்கிற வாய், கீழே சாக்கடையைத் தடுக்கவும் பேச வேண்டும். நகரத்துக்காரர்களாகிய எங்கள் வேலை அது. மனு எழுதவும், வார்டு கூட்டத்தில் எழுந்து நிற்கவும் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

மருமகன் ராத்திரி ரயிலுக்குப் போகிறான். மணிகரணுக்கு மறுபடி போனால் அந்த ஊற்றில் சோப்புப் போடுகிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டான். அங்கேயும் கொதிநீரிலேயே வாழப் பழகிய நுண்ணுயிர்கள் பாறையில் படலமாகப் படிந்திருக்கும், அதைச் சுரண்டாதே, அதன்மேல் நடக்காதே, மற்றதெல்லாம் தலையணையில் பார்த்ததுதான் என்றேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரம். பங்குனி, சித்திரையில் காட்டுத்தீ பயத்தால் பாதைகளை மூடக்கூடும். ஐப்பசி முதல் மார்கழி வரை வெள்ளத்தால் மூடக்கூடும். கிளம்புமுன் களக்காடு பக்கத்துக்குக் களக்காட்டிலும், பாபநாசம் பக்கத்துக்கு அம்பாசமுத்திரத்திலும் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மலைமேல் சாப்பாட்டுக் கடையை நம்ப வேண்டாம், கட்டுச்சோறு வாழையிலையில் கொண்டு போகலாம். இலையையும் திருப்பி எடுத்து வாருங்கள், போட்டுவிட்டு வந்தால் குரங்கு பழகிவிடும். தீ மூட்டிச் சமைக்கக் கூடாது. மாலை வெளிச்சம் இருக்கும்போதே சாவடிக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஜீப் ஓட்டுகிறவரிடம் தண்ணீர் ஏறுவதை எப்படித் தெரிந்துகொள்வது என்று அவர்கள் முன்னாலேயே கேளுங்கள்.